புதிதாக யோகாசனம் தொடங்குபவர் வாரத்தில் எத்தனை நாள் செய்ய வேண்டும்?

‘தினமும் செய்தே ஆக வேண்டுமா, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இது: முதல் இரண்டு மாதங்களுக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். இடைப்பட்ட நாட்களில் பத்து நிமிடம், அதுவும் எளிதான ஆசனங்கள் மட்டும். வாரத்தில் ஒரு நாள் விரிப்பைத் தொடவே வேண்டாம். நான் ஆசிரியன் அல்ல. ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன், அதில் முதல் சில மாதங்களை நன்றாகவே வீணடித்தேன்.

வார நாட்களில் நேரமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்துகொண்டிருந்தேன். பச்சிமோத்தானாசனத்தில் கால்களை நீட்டிக் குனிந்தால் விரல்கள் முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுப்பேன். திங்கட்கிழமை தொடையின் பின்பக்கம் லேசாகக் கனக்கும். செவ்வாய்க்கிழமை நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருக்கும். வியாழக்கிழமைக்குள் வலி போய்விடும். அடுத்த ஞாயிறு மறுபடி அதே நான்கு விரற்கடை. மூன்று மாதம் ஆகியும் அது ஐந்தாகவில்லை.

பிறகுதான் காரணம் புரிந்தது. பழக்கமில்லாத உழைப்பால் வரும் தசைவலி அன்றைக்கே உச்சத்துக்குப் போவதில்லை; ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே போகிறது. எனவே அன்று ஒன்றும் ஆகாதது போல் தோன்றுவதை வைத்து ‘நமக்கு இது தாங்கும்’ என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொன்று, ஆரம்ப வாரங்களில் உடல் வளைந்துகொடுப்பதற்குப் பெரும்பாலும் தசை நீண்டுவிடுவது காரணமல்ல. இழுவையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் அது பழகும். வாரம் ஒரு முறை மிரட்டினால் பழகாது, மிரளும். வாரக் கணக்கில் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம்தான். அதையே மூன்றாகப் பிரித்த பிறகு ஆறு வாரத்தில் என் விரல்கள் கெண்டைக்காலைத் தாண்டிவிட்டன.

‘யோகா என்றால் தினமும்தான்’ என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மைசூரு யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் பரப்பிய அஷ்டாங்க வின்யாச யோகத்தைப் பாருங்கள். கடுமையானது என்று பெயர் வாங்கிய அந்த முறையிலேயே வாரத்துக்கு ஆறு நாள்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுப்பு வேறு. அங்கே புதியவருக்கு முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லித்தருவதும் இல்லை. சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, அது கைவந்த பிறகு ஒவ்வோர் ஆசனமாகக் கூட்டுவார்கள். அதாவது ‘தினமும்’ என்பது அங்கே ‘தினமும் கொஞ்சம்’ என்றுதான் தொடங்குகிறது. நம்மில் பலர் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

அந்த அரை மணி நேரத்தில் நான் செய்தது: மெதுவாக நான்கு சுற்று சூரிய நமஸ்காரம், பிறகு தாடாசனம் (நேராக நிற்பது), விருட்சாசனம் (ஒற்றைக் காலில் நிற்பது), திரிகோணாசனம் (கால்களை அகட்டிப் பக்கவாட்டில் சாய்வது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பை உயர்த்துவது), கடைசியில் பச்சிமோத்தானாசனம். ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு. முடிவில் ஐந்து நிமிடம் சவாசனம். ‘சும்மா படுப்பதற்கு எதற்கு நேரம்’ என்று அதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள், நானும் வெட்டியிருக்கிறேன். வெட்டிய நாட்களில் எழுந்து போகும்போது படபடப்பாகவே இருக்கும். பத்து நிமிட நாட்களில் மார்ஜரி ஆசனம் (கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனை போல் முதுகை வளைப்பது), பாலாசனம் (மண்டியிட்டுக் குனிந்து ஓய்வெடுப்பது), கொஞ்சம் மூச்சுப் பயிற்சி போதும்.

அளவு மீறுகிறோமா என்பதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் வேண்டாம், மூச்சைக் கவனியுங்கள். குனிந்த நிலையில் மூச்சு தானாக அடைபட்டால் அளவைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு விரற்கடை மேலே வாருங்கள், முழங்காலைச் சற்று மடக்குங்கள், மூச்சு திரும்பிவிடும். அன்றைய எல்லை அதுதான். மறுநாள் தசை முழுக்கப் பரவலாகக் கனத்தால் பயப்பட வேண்டாம், அன்று பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூட்டில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினாலோ, முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்கினாலோ கதையே வேறு. அந்த ஆசனத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முதுகுத்தட்டு விலகல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

காலையா மாலையா என்ற விவாதத்தில் நான் இறங்குவதில்லை. காலையில் உடல் விறைப்பாக இருக்கும், மாலையில் இளகியிருக்கும். உங்களுக்கு எது தவறாமல் கிடைக்குமோ அது. நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது போகட்டும்.

இடையில் நான்கு நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்ட ஐந்தாம் நாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். நான் பட்ட பெரிய பிடிப்பு அப்படி வந்ததுதான். விட்ட இடத்துக்கு ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

இரண்டு மாதம் கழித்து, அரை மணி நேரம் செய்த மறுநாள் உடம்பு எதையும் நினைவூட்டாமல் இருந்தால், மூன்று நாளை நான்காக்குங்கள். இன்னொரு மாதம் போனால் ஐந்து. நாளைக் கூட்டும் வாரத்தில் புதிய ஆசனத்தைச் சேர்க்க வேண்டாம். சிரசாசனத்தை மட்டும் காணொளி பார்த்துத் தனியாக முயல வேண்டாம், அதற்கு ஓர் ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும்.