யாருக்கும் தெரியாமல் விடுவது

அன்புள்ள ஐயா,

உங்கள் கதைகளை நெடுநாள்களாக வாசித்து வருகிறேன். வயது 43. துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவன். கடைசி மூன்று ஆண்டுகளில் இரவுக்கு அரைப் போத்தல் விஸ்கி என்பது குறைத்துச் சொல்லும் கணக்கு. இன்றோடு நிறுத்தி ஆறு நாள்கள் ஆகின்றன. இரண்டாம் நாள், சரக்கு ரசீதில் கையெழுத்துப் போட முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்தன. விளக்கைப் போட்டால் ஒன்றுமே இல்லை. மனைவியிடம் வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கிறேன். முன்பு நான்கு முறை சத்தியம் செய்து மீறியவன் என்பதால், இம்முறை யாரிடமும் சொல்லாமல் வைராக்கியத்தால் சாதித்துவிட்டு ஓர் ஆண்டு கழித்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மாலை 6 மணி ஆனால்தான் தாங்க முடியவில்லை. மனத்துக்குத் திடம் தரும் நான்கு வரிகள் எழுதுவீர்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவே, நாளைக் காலை முதல் வேலையாக ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்று தனியாக எழுதினேன். நடுக்கம் நின்றுவிட்டது, இனித் தேவையில்லை என்று பதில் போட்டீர்கள். ஆகவே பெயரை நீக்கி வெளியிட நீங்கள் தந்த சம்மதத்தோடு, சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். திடம் தரும் வரிகள் இதில் இரா.

முதலில் அந்த எறும்புகள். அவற்றை ஏதோ மனப்பிரமை என்று நீங்கள் கடந்துவிட்டீர்கள். எனக்கோ கடிதத்தில் அந்த ஒரு வரிதான் பதற்றம் தந்தது. மது மூளையை அமர்த்துகிறது. ஆண்டுக்கணக்கில் அமர்த்தப்படும் மூளை, அதை ஈடுகட்டத் தன் விசையைக் கூட்டிக்கொண்டே போகிறது. கனத்த கதவொன்றை முழு பலத்தோடு தோளால் தள்ளிக்கொண்டிருப்பவர், கதவு சட்டென்று திறந்துகொண்டால் தலைகுப்புற விழுவாரே, அதுதான் குடியைத் திடீரென நிறுத்தும்போது நிகழ்வது. கடைசிக் குடி முடிந்து 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் காய்ச்சலும், படபடப்பும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் குழப்பமும் சேர்ந்த கடுமையான நிலை வரலாம். சிகிச்சையின்றி விட்டால் அது உயிரையே வாங்கக்கூடியது. 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸில் போக வேண்டிய நிலை அது. மருத்துவமனையில் டயஸிபாம் போன்ற மருந்தைச் சில நாள்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து இதைக் கடக்க வைக்கிறார்கள். நீண்டகாலம் குடித்தவர்களிடம் குறைந்துபோயிருக்கும் வைட்டமின் பி1-ஐயும் கொடுக்கிறார்கள், ஏனெனில் அது வற்றினால் நினைவும் நடையும் கெட்டுப்போகும். நீங்கள் அந்த நாள்களைத் தனியாகக் கடந்துவிட்டீர்கள் என்பது உங்கள் நல்லூழ், வைராக்கியத்துக்கு அதில் பங்கில்லை. ஒருவேளை மறுபடியும் குடித்து மறுபடியும் திடீரென நிறுத்தினால், அடுத்த முறை இதைவிடக் கடுமையாக வரக்கூடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் மருத்துவரைத் தவிர்ப்பதற்கு நடுக்கம் நின்றது மட்டும் காரணமாக இராது என்றே நினைக்கிறேன். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த என் நண்பர் ஒருவர், "உட்பிரிட்ஜுக்குப் போனவன் என்று பெயர் எடுக்க மாட்டேன்" என்று ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட்டார். உட்பிரிட்ஜ் என்ற அந்த மனநல மருத்துவமனையின் பெயர் 1993-லேயே போய், புவாங்கோக்கில் மனநலக் கழகம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் நம் வாயில் பழைய பெயரும் அதோடு சேர்ந்த அச்சமும் அப்படியே இருக்கின்றன. அங்கேதான் 2008 முதல் போதைப்பழக்கத்துக்கான தேசியச் சிகிச்சைப் பிரிவு, நேம்ஸ் என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்வது, இயங்குகிறது. அதன் உதவி எண் 6732 6837. என் நண்பருக்கு இருந்த இன்னோர் அச்சம், பெயரைப் பதிந்து அரசுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது. அது போதைப்பொருள் விஷயத்தில் மருத்துவர்களுக்கு உள்ள சட்டக் கடமை; மதுவுக்கு அது இல்லை. நேராகப் போகத் தயங்கினால், உங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) உள்ளதை உள்ளபடி சொல்லிப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மானியக் கட்டணமும் கிடைக்கும். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இனி, யாரிடமும் சொல்லாமல் விடுவது பற்றி. பதினைந்து ஆண்டுகள் குடியை மறைத்துப் பழகிய அதே கையால் இப்போது விடுவதையும் மறைக்கிறீர்கள். நீங்கள் நிறுத்தியது யாருக்கும் தெரியாது என்றால், மீண்டும் தொடங்குவதும் யாருக்கும் தெரியாது. திரும்பிப் போகும் வழியைத் தாழிடாமல் சாத்தி மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்பது என் ஐயம். ஐயம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். வைராக்கியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது காலை 10 மணிக்கு எல்லாரிடமும் இருக்கிறது. மாலை 6 மணிக்கு, வேலைக் களைப்போடு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, காப்பிக்கடையில் ஐஸ் போட்ட பீர்க் குவளைகளோடு மேசை மேசையாக அமர்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது, வேறொரு மனிதரின் குரல்தான் தேவைப்படுகிறது.

என் நண்பர் செய்தது இது. நிலையத்தின் வேறு வாசல் வழியாக வெளியேறுவார். பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்றை நெகிழிப் பையில் கட்டி வாங்கி, அதன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, வலக்கையில் கைபேசியோடு தன் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிச் சுற்றி நடப்பார். கை சும்மா இருந்தால் ஆபத்து என்பார். என்னிடம் பேசுவது பெரும்பாலும் காற்பந்து. எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது, அது அவருக்கும் தெரியும். வேட்கையின் உச்சம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும், ஆனால் ஒரே மாலையில் பலமுறை எழும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரவு 10.30 மணிக்குமேல் கடைகளில் மது வாங்க முடியாது என்பதால், அந்த நேரம்வரை தன்னை யாராவது காவல் காத்தால் போதும் என்று கணக்குப் போட்டு, நான்கு பேருக்கு முறை வைத்திருந்தார். சில நாள்களில் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அவர் அழைப்பதை நிறுத்தவில்லை.

அப்படி நான்கு பேர் உங்களுக்கு இல்லையென்றால், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சிங்கப்பூரில் பல இடங்களில் நடக்கின்றன. 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கியது; கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. அதன் இறைநம்பிக்கைச் சாயல் எனக்கு அவ்வளவாக ஒட்டாது. ஆயினும் எறும்புகளைப் பற்றி நீங்கள் சொன்னதும் வியப்படையாமல் தலையசைக்கக்கூடியவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். வீ கேர் என்ற சமூக அமைப்பும் ஆலோசனையும் குழுக்கூட்டங்களும் நடத்துகிறது.

மனைவியிடம் சொல்லும்போது ஐந்தாவது சத்தியத்தைச் செய்யாதீர்கள். வயிற்றுப்புண் பொய் என்பதையும், மருத்துவரைப் பார்க்கும் நாளையும், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மட்டும் சொல்லுங்கள்: வீட்டில் போத்தல்கள் இருந்தால் அகற்றுவது, மாலையில் ஓர் அழைப்பு. அவர் நம்பாமல் போகலாம். நம்புவது அவர் கடமையும் அல்ல. அவரிடம் ஒன்றை நான் வேண்டிக்கொள்வேன். கணவருக்குத் தெரியாமல் காப்பியிலோ குழம்பிலோ கலந்துகொடுக்கச் சிலர் ஊரிலிருந்து மருந்து வரவழைக்கிறார்கள். டைசல்பிராம் என்னும் அம்மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து இரத்த அழுத்தம் சரியும். தெரியாமல் கொடுக்கப்பட்டவருக்கு அது உயிராபத்து. அறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து அது.

இப்போதைக்கு உங்கள் வயிற்றுப்புண்ணின் உண்மைப் பெயர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முகம் தெரியாத எழுத்தாளனுக்கு அந்த இடம் பொருந்தாது. மாலை 6 மணிக்கு நான் யீஷூனில் இருக்கப்போவதில்லை. அடுத்த கடிதத்தில் மருத்துவரைப் பார்த்த தேதியை எழுதுங்கள். அதற்கு முன் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்.