கயிறு திருப்ப ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்

பட்டு ஜாக்கெட்டின் முதுகுக் கயிற்றைக் குழாய்போல் தைத்து, உட்புறம் வெளியே வரத் திருப்பும்போது ஊக்கு பாதி வழியில் திறந்துகொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊக்கை விடுங்கள். சர்ஜிக்கல் பொருள்கள் விற்கும் கடையில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கேளுங்கள். மெல்லிய கயிற்றுக்கு அதிலேயே சிறியதான 5 அங்குல மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் நல்லது. அறுவை சிகிச்சையில் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கருவி அது. கைப்பிடியில் உள்ள பற்களைப் பூட்டிவிட்டால் பிடி தளராது. நமக்கு வேண்டியதே அதுதான்!

ஃபோர்செப்ஸின் வாயை மூடியபடி கயிற்றுக்குள் நுழைத்து, துணியை அதன்மேல் சுருக்கிக்கொண்டே போங்கள். மறுமுனைக்கு வந்ததும் தையல் விளிம்பைக் கவ்விப் பூட்டி, மெல்ல இழுங்கள். தையல் இல்லாத இடத்தைக் கவ்வினால் பட்டு கிழியலாம், கவனம். அப்புறம், கயிற்றுக்கான துணியைக் கிராஸாக, அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டுங்கள். நெகிழ்ந்து கொடுக்கும், திருப்புவதும் சுலபம்.