நினைவு தெளிவாக இருக்கும்போதே பேச்சில் இலக்கணம் உடைவது மறதி நோயா?

'63 வயது அம்மா ஒரு வருடமாக அரைகுறை வாக்கியமாகப் பேசுகிறார், நினைவு நன்றாக இருக்கிறது, இது மறதி நோயா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அவரிடம் முதலில் காணாமல் போனது சொற்கள் அல்ல, சொற்களின் வால். 'பேங்குக்குப் போய்ப் பணம் எடுத்துட்டு வரேன்' என்பது 'பேங்க்... பணம்... எடு' என்றானது. என் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது 'வந்தான்' என்பார். உடனே தப்பு தெரிந்து நெற்றியில் அடித்துக்கொள்வார். கரண்ட் பில் கட்டவேண்டிய தேதியை மட்டும் மறக்கவே இல்லை. பக்கவாதமோ என்று பயந்தோம். ஆனால் அதில் பேச்சு திடீரென்று போகும். இது மாதக்கணக்கில் மெல்லக் கரைந்தது.

நரம்பியல் டாக்டர் சொன்ன பெயர் பிரைமரி புரோகிரெசிவ் அஃபேசியா, அதாவது மொழித்திறன் மெல்ல மெல்லத் தேயும் நோய். மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் டாக்டர் 1982இல் ஆறு நோயாளிகளை வைத்து விவரித்த நோய். 2011இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அப்பாவுக்கு இருப்பது இலக்கணம் உடையும் வகை. மூளையின் இடது முன்பகுதி சுருங்குகிறது. இன்னொரு வகையில் பேச்சு சரளமாக வரும், ஆனால் 'கரண்டின்னா என்ன?' என்று கேட்பார்கள். மூன்றாவதில் சொல் தொண்டை வரை வந்து நிற்கும். அதற்குப் பெரும்பாலும் மறதி நோய் என்று நாம் சொல்லும் அல்சைமர்தான் காரணம். அதனால் உங்கள் கேள்விக்கு, எந்த வகை என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

பேசுவதில் மட்டும்தான் சிக்கல் என்று நினைத்திருந்தோம். புரிந்துகொள்வதிலும் இருந்தது. 'குமார் திட்டின மாமா', 'குமாரைத் திட்டின மாமா': ஒரே ஒரு 'ஐ', ஆளே மாறிவிடுகிறார். யார் திட்டினது என்றால் அப்பா இரண்டுக்கும் மாமா என்றார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறோம். ஆமா, இல்லையும் இடம் மாறும். காபி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கை நீட்டுவார். நாங்கள் கையைத்தான் நம்புகிறோம்!

இதை நிறுத்த மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சி உதவுகிறது. பயிற்சி தருபவர் தமிழில் பேசுபவராக இருக்கட்டும். டாக்டரிடம் போகுமுன் உங்கள் அம்மா வீட்டில் பேசுவதை செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் அப்பா டாக்டர் முன்னால் 'நல்லா இருக்கேன் சார், நீங்க சௌக்கியமா?' என்று கணீரென்று கேட்டுவிட்டு வந்தார். அதில் எங்களுக்கு நாலு மாதம் போயிற்று.