ஹாலைச் சுற்றி 16 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப்: 30 ஆம்பியர் பெட்டி போட்டால் சரியாகுமா?

கேள்வி: அண்ணா, கோலாலம்பூர் செந்தூலில் டபுள் ஸ்டோரி லிங்க் வீடு. போன வருடம் ரெனோவேஷன் செய்தபோது 5 மீட்டருக்கு 3 மீட்டர் ஹாலில் பிளாஸ்டர் சீலிங் போட்டு, நான்கு பக்கமும் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டினோம். 12 வோல்ட், மீட்டருக்கு 9.6 வாட். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி சீலிங்குக்கு மேலே இருக்கிறது, அதில் 12 வோல்ட், 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. தீபாவளி வரை நன்றாக எரிந்தது. இப்போது ஒரு மூலை மங்கிவிட்டது, சில நாள் மின்னி மின்னி அணைகிறது, சீலிங்குக்குள் ஒரு ரீங்காரம் வேறு. 30 ஆம்பியர் பெட்டி மாற்றினால் போதும், 350 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார் காண்ட்ராக்டர். அவ்வளவு ஆம்பியர் போனால் ஸ்ட்ரிப் கருகிவிடாதா?

பதில்: தம்பி, ஸ்ட்ரிப் கருகாது. ஆனால் அந்த 30 ஆம்பியர் பெட்டியை வாங்காதீர்கள், காரணம் வேறு.

பெட்டியில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதனால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதுதான், வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுகிற அளவு இல்லை. சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் சாக்கெட்டில்தானே தினமும் கைபேசி சார்ஜரைச் சொருகுகிறோம், அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது, ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். பொருந்தியே ஆக வேண்டியது வோல்ட். 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 24 வோல்ட் பெட்டியை மாட்டினால் கொஞ்ச நேரம் பளிச்சென்று கண்ணைக் குத்தும், அதோடு சரி.

இப்போது கணக்கைப் பாருங்கள். சுற்றளவு 16 மீட்டர், 9.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 154 வாட். உங்கள் பெட்டி 12 வோல்ட் 10 ஆம்பியர், பெருக்கினால் 120 வாட். 120 வாட் பெட்டியின் தலையில் 154 வாட்டைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். பெட்டி சுமை தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, மறுபடி எழுந்து, மறுபடி அணைகிறது, அதைத்தான் மின்னுகிறது என்கிறீர்கள். ஒரு பெருக்கல் கணக்கு, கைபேசியிலேயே போடலாம், அதைக்கூடச் செய்யாமல் சீலிங்கை மூடி பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். கோட்டேஷனில் "எல்இடி லைட், டிரான்ஸ்பார்மர் உட்பட" என்று ஒரே வரி இருந்திருக்கும், வாட் எவ்வளவு, என்ன பிராண்ட், ஒன்றும் இருக்காது. வீட்டுக்குள் மின்வேலைக்குத் தகுதிச் சான்று உள்ள வயர்மேன்தான் கை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எரிசக்தி ஆணையமும் இருக்கிறது, ஆனால் தாமான் வீட்டு சீலிங்குக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சீலிங் போட வந்தவரே வயரும் இழுக்கிறார், டைல்ஸும் ஒட்டுகிறார்.

சரி, மூலை மங்கலுக்கு வருவோம். இது பெட்டியின் பலவீனத்தால் மட்டும் வருவதில்லை. ஸ்ட்ரிப்பின் முதுகில் ஓடும் செம்புப் பட்டை தாள் போல மெல்லியது, 16 மீட்டரையும் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்து ஒரே முனையில் மின்சாரம் கொடுத்தால் வழியிலேயே வோல்ட் தேய்ந்துவிடும். 12 வோல்ட் வெள்ளை ஸ்ட்ரிப்பில் வெட்டுக்கோடு மூன்று எல்இடிக்கு ஒரு முறை வருகிறதே, அந்த மூன்றும் வரிசையாகக் கோக்கப்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். கடைசி மூலையில் 9 வோல்ட்தான் மிஞ்சுகிறது என்றால் அங்கே வெளிச்சம் எங்கிருந்து வரும்? அதனால் 30 ஆம்பியர் பெட்டி போட்டால் மின்னுவது நிற்கும், அந்த மூலை அப்படியேதான் இருக்கும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரிப்போடு வரும் சிவப்பு கறுப்பு வயர் நூல் மாதிரி. எங்காவது ஷார்ட் ஆனால் சின்னப் பெட்டி சட்டென்று அணைந்து காப்பாற்றிவிடும். 30 ஆம்பியர் பெட்டிக்கு அது பெரிய விஷயமாகவே தெரியாது, கொடுத்துக்கொண்டே இருக்கும், வயர்தான் உருகும், அதுவும் சீலிங்குக்குள். 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்பார்கள். கையில் ஷாக் அடிக்காது, அவ்வளவுதான், நெருப்பு பிடிக்க 12 வோல்ட் தாராளமாகப் போதும்.

என் யோசனை: ஒரு பெரிய பெட்டி வேண்டாம், 100 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஹாலின் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு பக்கம் 5 மீட்டர், இன்னொரு பக்கம் 3 மீட்டர், தனித்தனி வயரில். ஆக ஒரு பெட்டிக்கு 8 மீட்டர், 77 வாட். 100 வாட் பெட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதற்குள் அடங்கிவிடுகிறது. 12 வோல்ட்டில் ஒரு முனையிலிருந்து 5 மீட்டர்தான் எல்லை, அதுவும் சரியாக வருகிறது. பழைய ஸ்ட்ரிப்பை மூலைகளில் வெட்டினால் போதும், வெட்டுக்கோட்டின் மேல் மட்டும். பெட்டிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடச் சொல்லுங்கள். ஒருவேளை ஸ்ட்ரிப்பையே மாற்றுவதாக இருந்தால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள், அதே வெளிச்சத்துக்குப் பாதி ஆம்பியர், 10 மீட்டர் வரை ஒரே ஓட்டம்.

பெட்டி வாங்கும்போதுதான் ஏமாற்றுவார்கள், கவனம். ஜாலான் பாசாருக்குப் போனால் கடைக்கடையாகக் குவிந்து கிடக்கும், ஆன்லைனில் கேட்கவே வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, தூக்கினால் காலி டப்பா கனம், மேலே 12 வோல்ட் 20 ஆம்பியர் என்று ஸ்டிக்கர். 240 வாட் பெட்டி அப்படி இருக்காது, ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டவுன்லைட்டுக்கான பெட்டியை (டிரைவர் என்பார்கள்) தள்ளிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. 24-42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளி நிற இரும்புப் பெட்டி விலை மலிவு. அதன் பக்கவாட்டில் சில மாடல்களில் 115, 230 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அது 115இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் "டப்" என்று ஒரு சத்தம், கதை முடிந்தது. இரும்புப் பெட்டி என்பதால் மஞ்சள் பச்சை எர்த் வயர் கட்டாயம், நம்மவர்கள் இரண்டு வயரை மட்டும் முறுக்கிவிட்டுப் போவார்கள். அப்புறம், பல்லி. சீலிங்குக்குள் சூடான இடம் தேடிப் பல்லி அந்த ஓட்டைக்குள் நுழைந்து, இரண்டு முனையில் கால் வைத்து, தானும் செத்துப் பெட்டியையும் சாகடிக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே கருவாடாகக் கிடக்கும். ஆகவே சீலிங்குக்கு முழுக்க மூடிய ரகம் வாங்குங்கள், மீன்வெல் என்ற பிராண்டின் எல்பிவி ரகம் மாதிரி. போலி ஸ்டிக்கர் எல்லாப் பிராண்டுக்கும் உண்டு, அதனால் ரசீது தருகிற கடையில் வாங்குங்கள். பெட்டியை வெப்பத்தடுப்புப் பஞ்சுக்கு அடியிலோ மரப்பெட்டிக்குள்ளோ செருகக்கூடாது, கை போகிற அளவுக்கு சீலிங்கில் ஒரு திறப்பு வேண்டும். அது அழகைக் கெடுக்கும் என்று காண்ட்ராக்டர் சொல்வார், அடுத்த முறை சீலிங்கை உடைக்கிற கூலியும் அவருக்குத்தானே.

இவ்வளவு கணக்கும் தேவைப்படாத இடம் வீட்டில் ஒன்றுதான், சாமி மேடை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஹாலுக்கு ஓட்டியவர்கள் மிச்சத் துண்டை அங்கே ஒட்டாமல் விடுவதில்லை. ஒரு மீட்டர் துண்டுதான், 10 வாட்கூட இல்லை, 12 வோல்ட் 2 ஆம்பியர் பிளக் அடாப்டர் ஒன்று போதும். பழைய மோடத்தின் அடாப்டரைப் போடலாமா என்பீர்கள். 12 வோல்ட் என்று இருந்தால், குறைந்தது 1 ஆம்பியர் இருந்தால், பிளஸ் மைனஸ் மாறாமல் இருந்தால் போடலாம். 9 வோல்ட் என்றால் சரியாக எரியாது, 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் என்றால் ஸ்ட்ரிப் போய்விடும். தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள மூன்று கால் பிளக்காக இருக்கட்டும். இரண்டு கால் பிளக்கை வாங்கி வந்து, மேல் ஓட்டையில் பேனாவைக் குத்திச் சொருகுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடாப்டர் மேடைக்குப் பின்னால், துணிக்கு அடியில் வேண்டாம். விளக்குக்கு நேர் மேலேயும் ஸ்ட்ரிப்பை ஒட்டாதீர்கள், எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் படிந்தால் பசை விட்டு ஸ்ட்ரிப் சுடர் மேலேயே தொங்கும். மற்றபடி சாமி மேடைக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. வயர்மேனைக் கூப்பிட்டு, ஸ்ட்ரிப் எரியும்போது பெட்டியிலிருந்து மின்சாரம் வெளியே வரும் வாயிலும் மங்கிய மூலையிலும் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். வாயில் 12, மூலையில் 9 என்றால் வயரிங்தான் குறை. வாயிலேயே 10 என்றால் பெட்டி சுமை தாங்கவில்லை, ஏற்கெனவே கெட்டும் போயிருக்கலாம், அதை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். அந்த எண்களைப் படம் எடுத்து காண்ட்ராக்டருக்கு அனுப்பி, 154 வாட்டுக்கு 120 வாட் பெட்டி ஏன் போட்டார் என்று மட்டும் கேளுங்கள், 350 வெள்ளிப் பேச்சு தானாக இறங்கும். புதுப் பெட்டி வாங்கும்போது 12 வோல்ட், 100 வாட், 2 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.