வாடைக்காலத்துக்கு முன் 90,000 ரூபாயை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நாங்கள் தங்கச்சிமடம் பக்கம் கடற்கரையில் இருக்கிறோம். கணவருக்குச் சொந்த நாட்டுப்படகு. நல்ல மாதம் 25,000 வரும், மோசமான மாதம் 8,000கூட வராது. மாமியார், படிக்கிற இரண்டு பிள்ளைகள் சேர்த்து வீட்டுச் செலவு 15,000. சீட்டு எடுத்த பணம் 90,000 கையில் இருக்கிறது. என் சங்கிலி 60,000 ரூபாய்க்கு இரண்டு வட்டியில் அடகுக் கடையில் கிடக்கிறது. அவர் என்ஜின் மாற்றலாம் என்கிறார். எனக்குப் புதிதாகக் கொஞ்சம் நகை எடுக்க ஆசை. வீட்டுக்குள் ஒரு தடவை தண்ணீர் வந்ததிலிருந்து ஐப்பசி பிறந்தாலே பயமாக இருக்கிறது. பணத்தை என்ன செய்வது?

பதில்: சகோதரி, இப்போதைக்கு என்ஜினும் வேண்டாம், புது நகையும் வேண்டாம். முதல் வேலையாகச் சங்கிலியை மீட்டுவிடுங்கள்.

இரண்டு வட்டி என்றால் மாதம் 1,200 ரூபாய், வருடத்துக்கு 14,400. அதே 60,000 ரூபாயை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் வருடத்துக்கு 4,200தான் கிடைக்கும். மீட்ட சங்கிலி பெட்டியில் சும்மா இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். புயல் அடித்துக் கை காய்ந்துபோனால், அதையே கூட்டுறவு வங்கியில் வைத்துக் குறைந்த வட்டிக்குப் பணம் வாங்கலாம். அடகுக் கடையில் மாட்டிக்கொண்டிருக்கிற நகை அன்றைக்கு உதவாது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொல்கிற விலைக்கு வருடம் முழுக்க மீன் போடுகிற நிலைமை அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்னிடம் வருகிற கடற்கரைக் குடும்பங்களில் நான் அதிகம் பார்க்கிற கடன் இதுதான்.

புயல் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததுதான் ஞாபகம் வரும். உயிருக்கு அந்தப் பயம் இருக்கட்டும்; எச்சரிக்கை வந்தால் மறுபேச்சில்லாமல் முகாமுக்குப் போய்விடுங்கள். ஆனால் குடும்பத்தின் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் வேறொன்று. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, வலுவிழந்து, நம் கரையோரமாகவே நகராமல் நின்றது. பெரிய காற்று அடிக்கவில்லை. அதற்காகப் படகைத் தள்ள முடிந்ததா? 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை. உங்களைக் கரையில் உட்கார வைப்பது வாடைக்காலம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் தொழில் நின்றுவிடும். கடல் அடங்கின பிறகும் கிழிந்த வலையைச் சரிசெய்யச் சில நாள் போகும். அந்த வருமானமில்லாத நாட்களுக்குத்தான் நீங்கள் பணம் சேர்க்க வேண்டும்.

உங்கள் செலவு நாளுக்கு 500 ரூபாய். சங்கிலியை மீட்டதும், வட்டி பாக்கி இல்லையென்றால், 30,000 மிஞ்சும். அதில் 20,000 ரூபாயை உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அது 40 நாள் சாப்பாடு. வட்டி குறைவுதான், பரவாயில்லை. நினைத்த நேரத்தில் எடுக்க முடிய வேண்டும். 4,000 ரூபாயை நூறும் இருநூறுமாக வீட்டில் வையுங்கள். மின்சாரம் போய் செல்போன் டவரும் நின்றுவிட்டால் ஜிபே ஓடாது, ஏடிஎம் ஓடாது, கடைக்காரரிடம் ஐநூறுக்குச் சில்லறை இருக்காது. அப்புறம் ஒரு 5,000 வீட்டுக்கு. கூரையில் தளர்ந்த ஷீட்டை புரட்டாசிக்குள் முடுக்கிவிடுங்கள், அரிசிக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள்.

மீதி ஆயிரம் காப்பீட்டுக்கு. இதைத் தள்ளிப்போடவே கூடாது. வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய்; ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு 436 ரூபாய், அதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 2 லட்சம். இருவரும் சேர்ந்தால் மொத்தம் 912 ரூபாய். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காது, அதைக் கவனியுங்கள். இதுபோக, மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் உண்டு, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. கணவர் பெயர் அதில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கடலுக்குப் போனவர் உடல் கிடைக்காவிட்டால் இழப்பீடு வாங்குவது பெரும் போராட்டம். அன்றைக்குப் படகில் யார் யார் ஏறினார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு பதிவு இருந்தால் அது துணை நிற்கும். சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

அதே அலுவலகத்தில் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தையும் விசாரியுங்கள். நீங்கள் 1,500 கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. மகளிருக்கும் தனியாக உண்டு.

படகுப் பதிவுப் புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கவரில் போடுங்கள். முகாமுக்குப் போகும்போது அது உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். படகு, என்ஜின், வலை, வீட்டின் நாலு பக்கம், எல்லாவற்றையும் இன்றே போட்டோ எடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சேதக் கணக்கெடுப்புக்கு வருகிறவரிடம் முன்பு எப்படி இருந்தது என்று காட்டலாம். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

சரி, என்ஜின். அவர் கேட்பதில் தப்பில்லை, அதுதான் சோறு போடுகிறது. ஆனால் வாடை தொடங்கும் நேரத்தில் கைக்காசு முழுவதையும் அதில் போட்டுவிட்டு, படகைக் கரையில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்காருவதில் அர்த்தமில்லை. அடகு வட்டிக்குப் போன 1,200 ரூபாயை வங்கியில் மாதாமாதம் கட்டுகிற ஓராண்டு ஆர்.டி. சேமிப்பாகக் கட்டி வாருங்கள். தபால் நிலைய ஆர்.டி. ஐந்தாண்டு, மூன்றாண்டுக்கு முன் முடிக்க முடியாது, அதனால் உங்களுக்கு வேண்டாம். தை பிறந்ததும் என்ஜினுக்கு மானியம் கிடைக்குமா என்று மீன்வளத் துறையில் கேட்டுவிட்டு, விலைப்பட்டியலோடு எனக்கு எழுதுங்கள். மீதிக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.