கொழுப்பை உறைய வைத்தால் ஸ்டெம் செல் பிழைக்குமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

லிப்போசக்‌ஷனில் உடம்பிலிருந்து உறிஞ்சி எடுத்த கொழுப்பு லேபுக்கு வரத் தாமதமாகிறது. எவ்வளவு நேரம் தாங்கும்?

எண்ணெயைச் சுமந்து நிற்கிற பெரிய கொழுப்பு செல் ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் ஒரு நாளுக்குள் சாகத் தொடங்கிவிடும். ரத்தக் குழாய் ஓரமாக ஒட்டியிருக்கிற, வேறு செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லுக்குத் தெம்பு அதிகம், ஆனால் அதை நம்பி மெத்தனமாக இருக்காதீர்கள். 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள். பை நேராக ஐஸ் மேல் படக்கூடாது, ஓரம் உறைந்துவிடும்.

சாதாரண ஃபிரீசரில், மைனஸ் 20இல் வைக்கலாமா?

கூடாது. உறையும்போது முதலில் கட்டியாவது செல்லுக்கு வெளியே இருக்கிற தண்ணீர். மிச்சத் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போய் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். சரி, வேகமாக உறைய வைப்போம் என்றால் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனிக்கட்டியாகி செல்லைக் கிழித்துவிடும். இந்த இரண்டு ஆபத்தையும் சேர்த்து 1972இல் விளக்கியவர்கள் பீட்டர் மேசூரும் கூட இருந்தவர்களும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வழிதான் 10 சதவீத டிஎம்எஸ்ஓ (செல்லுக்குள் புகுந்து உறைதலிலிருந்து காக்கிற திரவம்), நிமிடத்துக்கு 1 டிகிரி இறக்கம். கொழுப்பிலிருந்து பிரித்த செல் உள்ள வயல்களை (சின்னக் குப்பிகளை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிய டப்பாவில் அடுக்கி மைனஸ் 80இல் ஓர் இரவு வைத்தால் ஏறக்குறைய அந்த வேகம் கிடைக்கும். மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிட வேண்டும்.

மைனஸ் 80இலேயே விட்டுவிட்டால்?

சில வாரம் என்றால் பரவாயில்லை. அந்தக் குளிரிலும் பனிப் படிகங்கள் மெல்ல வளர்ந்துகொண்டுதான் இருக்கும். மைனஸ் 135க்குக் கீழே போனால்தான் எல்லாம் கண்ணாடி மாதிரி இறுகி அசைவு நிற்கும்.

உருக்கியதும் டிரைபான் ப்ளூ சாயத்தில் பார்த்தால் 90 சதவீதம் செல் உயிரோடு இருந்தது. வளர்ப்புத் தட்டில் போட்டால் பாதிகூட ஒட்டவில்லை. ஏன்?

டிரைபான் ப்ளூ பார்ப்பது செல்லின் சவ்வு கிழிந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். உள்ளே அடிபட்ட செல் அன்றைக்கு நல்ல செல் மாதிரியே தெரியும், அடுத்த 24 மணி நேரத்தில் செத்துவிடும். உருக்கிய உடனே வருகிற எண்ணிக்கையை நம்பாதீர்கள், மறுநாள் எண்ணுங்கள்.

மூட்டு வலிக்கு இந்த ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. என் வேலை வயலோடு முடிகிறது.

செல்லைப் பிரித்து உறைய வைக்கச் சொல்கிறீர்கள். முழுத் திசுவாக வைத்தால் பின்னால் கொழுப்பு கிராஃப்டுக்கும் (கொழுப்பை உடம்பில் வேறு இடத்தில் வைப்பது) ஆகுமே?

முழுத் திசுவை உருக்கிய குழாயை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே தெளிந்த மஞ்சள் எண்ணெய் விரல்கனத்துக்கு நிற்கும். அத்தனையும் வெடித்த கொழுப்பு செல். கிராஃப்டுக்கு வேண்டியதே அந்த செல்தானே? அப்புறம், டிஎம்எஸ்ஓ கட்டியின் நடுவரைக்கும் ஊறிப்போக நேரமாகும், ஓரமும் நடுவும் ஒரே வேகத்தில் குளிராது.

அதே நபர்: கொலாஜினேஸ் (திசுவை அரித்து செல்லைப் பிரிக்கிற நொதி) மட்டும் செல்லுக்கு நல்லதா? 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அரிக்கவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அப்புறம் உறைய வைப்பது பாதுகாப்பா?

நியாயமான வாதம், மறுக்க மாட்டேன். கொலாஜினேஸில் அதிகம் விட்டால் செல் பாழ்தான், திசுவாக வைத்தால் செல்லைச் சுற்றியிருக்கிற வலையும் அப்படியே மிஞ்சுகிறது. உறைந்த திசுவிலிருந்து ஸ்டெம் செல் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள், நானும் வளர்த்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்தது எப்போதும் குறைவு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு. எதற்கு வைக்கிறோம் என்று முடிவாகவில்லை என்றால் ஒரு பங்கைத் திசுவாகவும் ஒரு பங்கைச் செல்லாகவும் வையுங்கள். திசுவை வெண்ணெய்க் கட்டி மாதிரி வைக்காமல் பொடியாக நறுக்கி, குளிரிலேயே டிஎம்எஸ்ஓவில் ஊறவிடுங்கள். இரண்டையும் உருக்கி, மறுநாள் எண்ணி, உங்கள் எண்ணிக்கையோடு வாருங்கள், தொடர்ந்து பேசலாம்.

டிஎம்எஸ்ஓ நச்சு என்கிறார்களே, டிரெஹலோஸ் என்கிற சர்க்கரை போதாதா?

டிரெஹலோஸ் தானாகச் செல்லுக்குள் போகாது, வெளியே இருந்துதான் காக்கும். கூடச் சேர்க்கலாம். டிஎம்எஸ்ஓ கலந்த பிறகு செல்லை அறைச்சூட்டில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கெடுதல் அங்கேதான்.

வீட்டு ஃபிரீசர் போதுமா?

மேலே மைனஸ் 20க்குச் சொன்ன பதில்தான்.

மைனஸ் 20இல் ஒரே ஒரு வாரம் மட்டும்?

ஒரு நாள்கூட வேண்டாம். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

உருக்கும்போது மெதுவாகவா, வேகமாகவா?

வேகமாக. 37 டிகிரித் தண்ணீரில் வயலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள், உள்ளே பட்டாணி அளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வளர்ப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் செல் ஒரேயடியாகத் தண்ணீரைக் குடித்து உப்பி வெடிக்கும்.