வெயில்ல 42 கிலோமீட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இதுதான் என் முதல் ஃபுல் மராத்தான். நாலரை மணி நேரத்துல முடிக்கணும்னு அஞ்சு மாசமா விடியக்காலைல, குளிர்ச்சியான நேரமா பாத்து ட்ரெயின் பண்ணியிருக்கேன். ஆனா ரேஸ் நடக்குற மாசத்துல அந்த ஊர்ல செம வெயிலா இருக்கும்னு ஏற்கனவே ஓடினவங்க சொல்றாங்க. இன்னும் மூணு வாரம் இருக்கு. அதே வேகத்துல ஓடலாமா?

பதில்: வேண்டாம். அந்த நாலரையை ஸ்டார்ட்டிங் லைனுக்கு வர்றதுக்கு முன்னாடியே மனசுலேர்ந்து எடுத்துடுங்க. "முதல்ல அதே வேகத்துல போவோம், முடியலைன்னா முப்பதாவது கிலோமீட்டர்ல குறைச்சுக்கலாம்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க, வெயில்ல அது நடக்காது. முப்பதாவது கிலோமீட்டர்ல நீங்க குறைக்கிறது வேகம் இல்ல, அதுக்குள்ள உடம்பே நின்னு போயிருக்கும்.

ஒரே ஒரு உதாரணம் பாருங்க. 2011 பாஸ்டன் மராத்தான்ல ஜெஃப்ரி முட்டாய் 2:03:02ல ஓடி ஜெயிச்சாரு, அன்னிக்கு நல்ல குளிர்ச்சி, காத்தும் முதுகுப் பக்கமா இருந்துச்சு. 2012ல அதே ரோடு, ஆனா வெயில் 30 டிகிரியைத் தாண்டிடுச்சு, ஜெயிச்ச வெஸ்லி கோரிருக்கு ஆன நேரம் 2:12:40. உலகத்தோட பெரிய ஓட்டக்காரங்களுக்கே ஒம்பது நிமிஷத்துக்கு மேல வித்தியாசம்னா நமக்கு எவ்ளோன்னு யோசிங்க. கோரிர் ஆரம்பத்துல அவசரப்படாம பின்னாடியே இருந்தாரு, முன்னாடி போனவங்க ஒவ்வொருத்தரா தளர்ந்தப்போ தாண்டிப் போனாரு. முட்டாய் அன்னிக்கு வயித்துப் பிடிப்பால 30 கிலோமீட்டர் வாக்குல விலகிட்டாரு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஓடுறப்போ நாம செலவு பண்ற சக்தில முக்கால் பங்கு வாக்குல சூடாதான் மாறுது, அந்த சூட்டை வெளிய தள்ள ரத்தம் தோலுக்குப் போகணும், அதே ரத்தம் கால் தசைக்கும் வேணும், வியர்வையா தண்ணி போகப் போக ரத்தத்தோட அளவும் குறையுது. அதனால அதே வேகத்துக்கு இதயம் வேகமா அடிக்க ஆரம்பிக்குது. வயித்துக்குப் போற ரத்தம் குறையுறதுனாலதான் குமட்டல் வருது. இதுல காத்துல ஈரப்பதமும் இருந்துட்டா இன்னும் மோசம், ஏன்னா வியர்வை காஞ்சாதான் உடம்பு குளிரும், சொட்டிக் கீழ விழுற வியர்வையால பிரயோஜனமே இல்ல.

மூணு வாரம் கைல இருக்குறது உங்களுக்கு நல்ல விஷயம். இந்த ரெண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் வெயில் ஏறுன பிறகு மெதுவா ஓடுங்க, முடியலைன்னா நடங்க. பத்துலேர்ந்து பதினாலு நாள்ல உடம்பு பழகிடும், ரத்தத்துல நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல போற உப்பும் குறையும். கடைசி வாரம் தூரத்தைக் குறைச்சுடுங்க. ஆனா பழகிட்டோம்னு தைரியத்துல வேகத்தைக் கூட்டிடாதீங்க, 2019ல தோஹா உலக சாம்பியன்ஷிப்ல பெண்கள் மராத்தானை வெயிலுக்கு பயந்து நடு ராத்திரில நடத்தினாங்க, அப்பவும் 32 டிகிரி, புழுக்கம் வேற, ஆரம்பிச்ச 68 பேர்ல 28 பேர் முடிக்கல. அவங்க எல்லாருமே நாட்டுக்காக ஓடினவங்க.

இன்னொண்ணு, இது பெரிய நகர ரேஸ்ல மட்டும் வர்ற சிக்கல். நாப்பதாயிரம் பேர் ஓடுறாங்கன்னா ஒரே நேரத்துல விட மாட்டாங்க, கூட்டம் கூட்டமாதான் விடுவாங்க. முன்னாடி போறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுட்டு பையை வாங்கிட்டுக் கிளம்பிடுவாங்க. நாலரை, அஞ்சு மணி நேரக்காரங்கதான் உச்சி வெயில்ல, ரெண்டு பக்கமும் சூடேறுன கட்டிடத்துக்கு நடுவுல, கொதிக்கிற தார் ரோட்ல ஓடிட்டிருப்பாங்க. முதல்ல கிளம்புறவங்களுக்குன்னு சொல்ற வானிலையைப் பாத்து ஏமாறாதீங்க, உங்க கடைசி ஒன்றரை மணி நேரத்துல என்ன வெயில் இருக்கும்னு பாருங்க. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி அடைச்சு நிக்கிற இடத்துலயும் நிழல் இருந்தா நிழல்ல நில்லுங்க, வார்ம் அப்னு ஓடி சூடேத்திக்காதீங்க.

எவ்ளோ மெதுவா போறதுன்னு கேப்பீங்க. வாட்ச்சைப் பாக்காதீங்க, பேசிப் பாருங்க. முதல் பாதி முழுக்க பக்கத்துல ஓடுறவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் திணறாம பேச முடியணும், முடியலைன்னா வேகம் அதிகம். தண்ணி குடுக்குற இடத்துல எல்லாம் நடங்க, முதல் இடத்துலேர்ந்தே.

கேள்வி: தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிச்சுடணும், ஒரு இடத்தையும் விடக் கூடாதுன்னு எங்க குரூப்ல சொல்றாங்க. உப்பு மாத்திரையும் கைல வச்சுக்கச் சொல்றாங்க. சரியா?

பதில்: இதுல பாதிதாங்க சரி, மீதிப் பாதி ஆபத்து. தண்ணி பத்தாம போறது தெரிஞ்ச பிரச்சினை. தண்ணி அதிகமாப் போய் ரத்தத்துல சோடியம்ங்கிற உப்புச் சத்து குறையுறது பல பேருக்குத் தெரியாத பிரச்சினை, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மராத்தான்ல ஓடி முடிச்ச 488 பேரோட ரத்தத்தை எடுத்துப் பாத்தாங்க, அதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவா இருந்துச்சு. ஓடும்போது எடை கூடினவங்களுக்கும், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடினவங்களுக்கும்தான் அது அதிகமா வந்திருந்துச்சு. அதாவது மெதுவா போய் ஒவ்வொரு இடத்துலயும் குடிக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடிச்சா வராதுன்னும் நினைக்காதீங்க, அதுல இருக்குற உப்பு நம்ம ரத்தத்துல இருக்குறதை விட ரொம்பக் குறைவு. உப்பு மாத்திரையும் அளவுக்கு மீறிக் குடிச்ச தண்ணியை சரி பண்ணிடாது.

ஒரு மணி நேரம் வெயில்ல ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் துணியில்லாம எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கு, நடுவுல குடிச்சிருந்தா அதையும் கூட்டிக்கணும். அந்த அளவுக்கு மேல குடிக்கவே கூடாது, அதை விடக் குறைவா, தாகத்துக்குக் குடிச்சா போதும். மிச்சத் தண்ணியைத் தலைல, கழுத்துல, கைல ஊத்துங்க, ஐஸ் கிடைச்சா தொப்பிக்குள்ள போட்டுக்கோங்க. ஊத்துறதுக்கு முன்னாடி அது தண்ணிதானான்னு பாத்துக்கோங்க, இனிப்பு பானத்தைத் தலைல ஊத்திக்கிட்டு கண்ணெரிச்சலோட பத்து கிலோமீட்டர் நான் ஓடியிருக்கேன்.

வலி மாத்திரை போட்டுட்டு ஓடவே ஓடாதீங்க, ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைங்க தண்ணி குறைஞ்ச உடம்புல கிட்னியைப் பாதிக்கும்.

கேள்வி: போன வாரம் ரெண்டு நாள் காய்ச்சலும் வயித்துப்போக்கும் இருந்துச்சு, இப்போ சரியாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ரேஸ். ஓடலாம்ல?

பதில்: ஓடாதீங்க தம்பி. ஹீட் ஸ்ட்ரோக் வர்றதுக்கு இதை விடப் பெரிய அழைப்பு கிடையாது. அடுத்த வருஷத்துக்கு மாத்திக் குடுப்பாங்களான்னு இன்னிக்கே மெயில் போட்டுக் கேளுங்க.

கேள்வி: என் கணவர் ஓடுறார். நான் ரோட்டோரம் நிப்பேன். எதைப் பாத்தா பயப்படணும்?

பதில்: நீங்க கேட்ட இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஓட்டக்காரர் வீட்லயும் கேக்கணும்மா. காலைப் பாக்காதீங்க, பேச்சைப் பாருங்க. சம்பந்தமில்லாம பேசுறது, காரணமில்லாம எரிஞ்சு விழுறது, எங்க இருக்கோம்னே தெரியாம முழிக்கிறது, தள்ளாடுறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நிறுத்திடுங்க. வியர்வை வந்துட்டுதானே இருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, ஓடுறவங்களுக்கு வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல உடம்பு நனைஞ்சுதான் இருக்கும்.

அப்புறம் தயவுசெஞ்சு "இன்னும் கொஞ்ச தூரம்தான், வாங்க வாங்க"ன்னு கத்தாதீங்க. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் பெண்கள் மராத்தான்ல சுவிட்சர்லாந்து வீராங்கனை கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் ஸ்டேடியத்துக்குள்ள தள்ளாடிட்டே வந்தாங்க, கடைசி ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் ஆச்சு, மொத்தக் கூட்டமும் கைதட்டுச்சு. அவங்க தேறிட்டாங்க. எல்லாரும் தேறுறதில்ல, மூளை குழம்பிப்போன ஆளுக்கு நிக்கணும்னு முடிவெடுக்கத் தெரியாது, அந்த முடிவை நீங்கதான் எடுக்கணும்.

நிறுத்தினதும் மெடிக்கல் டென்ட்டுக்கு ஆள் அனுப்புங்க, அவங்க வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி, இந்த வரிசை மாறவே கூடாது. உடம்போட உள் சூடு 40 டிகிரிக்கு மேல போனா அரை மணி நேரத்துக்குள்ள இறக்கியாகணும். ஐஸ் தண்ணித் தொட்டில கழுத்து வரைக்கும் உக்கார வைக்கிறதுதான் சிறந்த வழி, அது இல்லைன்னா நிழல்ல படுக்க வச்சு, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்க தண்ணியை ஊத்திட்டே விசிறுங்க, ஈரத் துணியை மாத்தி மாத்திப் போடுங்க. நினைவு தெளிவா இல்லைன்னா வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும்.

கேள்வி: போன ரேஸ்ல வெயில் தாங்காம 27வது கிலோமீட்டர்ல விலகிட்டேன். வீட்ல எல்லாரும் ஆறுதல் சொன்னாலும் எனக்கு ரொம்ப அவமானமா இருக்கு.

பதில்: 2007 சிகாகோ மராத்தான்ல வெயில் 31 டிகிரிக்குப் போனதும் மூணரை மணி நேரத்துல ரேஸையே நிறுத்திட்டாங்க, ஆயிரக்கணக்கான பேர் பாதி வழிலேர்ந்து திரும்பினாங்க. அவங்களுக்காக நடத்துறவங்க எடுத்த முடிவை நீங்க உங்களுக்காக எடுத்திருக்கீங்க. நானும் ஒரு தடவை 31வது கிலோமீட்டர்ல பிளாட்பாரத்துல உக்காந்து அழுதிருக்கேன், அதனால அந்த வலி எனக்குத் தெரியும், ஆறுதல் வார்த்தை வேலை செய்யாதுன்னும் தெரியும். எனக்கு உதவுனது வாட்ச்ல இருந்த கணக்குதான். முதல் பத்து கிலோமீட்டர்ல இதயத் துடிப்பு எப்படி ஏறியிருக்குன்னு எடுத்துப் பாருங்க. நான் பாத்தப்போ எட்டாவது கிலோமீட்டர்லயே எல்லை தாண்டியிருந்துச்சு, உக்காந்தது மட்டும்தான் முப்பத்தொண்ணுல. உங்களோடதைப் பாத்துட்டு எழுதுங்க, அடுத்த இதழ்ல அதை வச்சே பேசுவோம்.